மார்கழி நோன்பும் மடைப்பள்ளி அமுதும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



மார்கழி மாதத்து விடியற்காலை. திருக்குளத்தின் மேல் பனி படர்ந்திருக்கிறது. ஸந்நிதியில் திருப்பாவை சேவித்து முடிந்து, திருமடைப்பள்ளியிலிருந்து பொங்கல் எழுந்தருளி, எம்பெருமான் அமுது செய்தருளிய பின், நெய் மணக்கும் பிரசாதம் பக்தர்களின் கைகளில் வழங்கப்படுகிறது. வெளியூர்களிலிருந்து வந்து நம் பெருமாளைச் சேவித்துச் சுசீந்திரத்திற்கும் குமரிமுனைக்கும் செல்லும் யாத்திரிகர்கள், அந்தச் சூடான பொங்கலை இலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு பிராகாரத்தில் அமர்ந்து உண்ணும் காட்சி காணக் கண் கோடி வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு விடியலில், வெளியூர் அன்பர் ஒருவர் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டே அடியேனிடம் ஒரு வினா எழுப்பினார். "சாமி, ஆண்டாள் நாச்சியார் இந்த மாதத்தில் நெய்யும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்றல்லவா நோன்பு நோற்றாள்? தாங்களோ நாள்தோறும் நெய் ஒழுகும் பொங்கலைக் கொடுக்கிறீர்களே, இது எப்படிப் பொருந்தும்?" என்றார். அன்று ஆங்கிலப் புத்தாண்டு நாள். கூட்டம் மிகுதி. அவருக்கு அன்று அடியேனால் நிறைவாக விடை கூற இயலவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. புத்தாண்டில் உறுதி எடுத்துக்கொள்ள விரும்பும் அன்பர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மூன்று புத்தாண்டு காணும் நாடு

நாஞ்சில் நாட்டார்க்கு ஆண்டுப் பிறப்பு ஒன்றன்று, மூன்று. சித்திரை முதல் நாள் விஷு. அன்று விடியலில் கண் விழித்ததும் கனி கண்டு, பெரியோர் கையால் கைநீட்டம் பெறுகிறோம். ஆவணி முதல் நாள் கொல்லம் ஆண்டுப் பிறப்பு. கி.பி. 825-இல் தொடங்கிய அந்த ஆண்டுக் கணக்கு, நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்துப் பத்திரங்களில் எல்லாம் இடம்பெற்றுள்ளது. 1956 நவம்பர் முதல் நாள் நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த பின்னும், முதியோர் வாயில் அக்கணக்கு வழங்கியே வந்தது. மூன்றாவது, அலுவலகமும் பள்ளியும் நமக்குக் கற்பித்த சனவரி முதல் நாள்.

சனவரி முதல் நாள் ஆங்கிலேயர்க்கே நெடுங்காலம் ஆண்டுப் பிறப்பாக இருந்ததில்லை என்பதை அன்பர்கள் அறிதல் நன்று. உரோமாபுரியில் தோன்றிய வழக்கம் அது. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான ஆண்டு மார்ச்சு 25-இல்தான் தொடங்கிற்று. 1752-இலிருந்தே சனவரி முதல் நாளுக்கு மாறிற்று. ஆயினும் உலகம் முழுவதும் இன்று அந்நாளைக் கொண்டாடுகிறது. அந்நாளில் நம் கோயில்களில் கூடும் கூட்டத்தைக் கண்டு சிலர் முகம் சுளிக்கின்றனர். அடியேன் அவ்வாறு எண்ணவில்லை. அந்நாள் நம் மார்கழியின் நடுவில், பெரும்பாலும் பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ ஆக வந்து அமைகிறது. எந்த வாசலால் வந்தாலும் வந்தவர்கள் நிற்பது மார்கழிக்குள்தான். கண்ணபிரான் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் மாதங்களுள் தன் வடிவாக எடுத்துக் கூறியது இம்மாதத்தையே அன்றோ?

ஸங்கல்பம் என்பது யாது?

அடியேன் ஸம்ஸ்கிருத பாடசாலையில் பயின்ற இளமையில், ஒரு சனவரி முதல் நாளன்று மாணவர்களாகிய நாங்கள் சிலர் கூடி, இவ்வாண்டு செய்யத் தக்கவை என்று பன்னிரண்டு உறுதிகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். அதிகாலை எழுவேன், பொய் சொல்லேன், கோபம் கொள்ளேன், நாளும் நூறு சூத்திரம் ஒப்பிப்பேன் என்று அப்பட்டியல் நீண்டது. எங்கள் ஆசிரியர் அதை வாங்கிப் படித்தார். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். "எந்நாளும்" என்றோம். "அப்படியானால் இது ஸங்கல்பம் அன்று, ஆசை. காலத்தைச் சொல், இடத்தைச் சொல், யாருக்காக என்பதைச் சொல், பிறகு செயலைச் சொல்" என்று கூறி நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். பொங்கலுக்குள் அப்பன்னிரண்டில் ஒன்றும் எங்களிடம் மிஞ்சவில்லை.

ஆசிரியர் சொன்னதன் ஆழம், அர்ச்சகத் தொழிலுக்கு வந்த பின்னரே விளங்கியது. நாம் செய்யும் எந்தக் கர்மாவுக்கும் முன்னே ஸங்கல்பம் உண்டு. அதில் முதலில் காலம் கூறப்படுகிறது. பிரம்மாவின் ஆயுளில் எந்தப் பாதி, எந்தக் கல்பம், எந்த மந்வந்தரம், எந்த யுகம் என்று மிகப் பெரிய அளவில் தொடங்கி, ஆண்டு, அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்திரம் என்று சுருங்கிச் சுருங்கி இன்று இந்த வேளை என்னும் இடத்தில் வந்து நிற்கிறது. இடமும் அவ்வாறே ஜம்பூத்வீபத்தில் தொடங்கி, நாம் நிற்கும் இவ்விடத்தில் முடிகிறது. வைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் அதன்பின், பகவானுடைய ஆணையால், அவனுக்குக் கைங்கர்யமாக இதைச் செய்கிறேன் என்று கூறுகிறோம். செய்விப்பவனும் அவனே, பயனும் அவனுக்கே என்னும் ஸாத்விக தியாகமும் உடன் செய்யப்படுகிறது. இவ்வளவுக்கும் பிறகே, இன்ன செயலைச் செய்கிறேன் என்னும் சொல் வருகிறது. வானளவு விரிந்த காலத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து, இதற்குள் இதைச் செய்வேன் என்று வேலி கட்டுவதே ஸங்கல்பம்.

சொல்லின் தாதுவும் இதையே காட்டுகிறது. 'ஸம்' என்பது நன்றாக, முழுமையாக என்னும் பொருளுடையது. 'கல்ப' என்பதன் தாதுவுக்குத் தாதுபாடத்தில் ஸாமர்த்தியம் என்று பொருள் கூறப்பட்டுள்ளது. ஸாமர்த்தியமாவது இயலுதல், தகுதி பெறுதல். எனவே, இயலும் எல்லைக்குள் ஒன்றை நன்கு அமைத்துக்கொள்வது ஸங்கல்பம் எனத் தேறும். இயலாததை எல்லாம் அடுக்கி எழுதுவதும், அதுவோ இதுவோ என்று மனம் ஊசலாடுவதும் ஸங்கல்பம் ஆகா. இரண்டாவதற்கு விகல்பம் என்று பெயர்.

ஆண்டாள் எடுத்த உறுதி

இந்த இலக்கணம் முழுவதும் அமைந்த ஸங்கல்பத்தைத் தமிழில் காண விரும்புவோர், திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தை ஊன்றிச் சேவிக்க வேண்டும். முதற் பாசுரம் மாதத்தையும் நாளையும் இடத்தையும் கூறிவிட்டது. இரண்டாவது பாசுரம் செய்வனவற்றையும் தவிர்வனவற்றையும் வகுக்கிறது.

பாற்கடலில் பள்ளிகொண்ட பரமன் திருவடியைப் பாடுதலும் வைகறையில் நீராடுதலும் செய்வன. நெய்யையும் பாலையும் விடுதல், கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் இல்லாதிருத்தல் ஆகியவை உடம்பைச் சார்ந்த தவிர்ப்புகள். பெரியோர் விலக்கியவற்றை விலக்குதலும், பிறர்மேல் கோள் மூட்டாதிருத்தலும் மனத்தையும் நாவையும் சார்ந்தவை. இவற்றோடு நின்றுவிடாமல், தக்கோர்க்கும் இரப்போர்க்கும் இயன்ற மட்டும் இடுதல் என்பதையும் நாச்சியார் சேர்க்கிறாள். 'இயன்ற மட்டும்' என்னும் எல்லையைக் கவனிக்க வேண்டும். ஸங்கல்பம் என்னும் சொல்லின் தாதுவுக்கு நாம் கண்ட பொருளும் இயலுதலே அன்றோ?

இன்னும் இரண்டு செய்திகள் இதில் உள. ஒன்று, நோன்புக்கு எல்லை உண்டு. அது ஒரு மாதம். மற்றொன்று, அது தனியொருத்தியின் உறுதியன்று. எல்லோரும் சேர்ந்து மேற்கொள்வது. உறங்குகின்றவளையும் வீடுதோறும் சென்று எழுப்பி அழைத்துப் போவதற்கே பத்துப் பாசுரங்கள் செலவிடப்படுகின்றன. நாம் எடுக்கும் புத்தாண்டு உறுதிகள் ஏன் பத்து நாளில் உலர்ந்து போகின்றன என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. நம் உறுதிக்கு எல்லை இல்லை, துணை இல்லை, அது எம்பெருமானுக்காகவும் இல்லை. நம் உடம்பும் நம் பெயரும் செழிக்க வேண்டும் என்றே எடுக்கிறோம்.

நெய்யும் பாலும் ஏன் விடப்பட்டன?

இனி, அன்பர் எழுப்பிய வினாவுக்கு வருவோம்.

மார்கழியும் தையும் ஹேமந்த ருது. ஆயுர்வேத ஆசார்யராகிய சரகர், தம் ஸம்ஹிதையின் ஸூத்ரஸ்தானம் ஆறாம் அத்தியாயத்தில் இந்த ருதுவின் இயல்பை விளக்குகிறார். வெளியே குளிர் சூழ்வதால் உடலின் அக்கினி உள்ளே அடங்கி வலுப்பெறுகிறது. அதற்குத் தக்க உணவு கிடைக்காவிடில் அது உடலின் ஸாரத்தையே எரிக்கத் தொடங்கும். ஆதலால் நெய்ப்பும் கனமும் உள்ள உணவு, பால், கருப்பஞ்சாற்றினால் ஆனவை, புதிய அரிசி, வெந்நீர் ஆகியவை இக்காலத்துக்கு உரியவை என்கிறார். நம் நாஞ்சில் நாட்டில் வடநாட்டைப் போன்ற கடுங்குளிர் இல்லை. எனினும் விடியலில் குளத்தில் நீராடிப் பனியில் நடந்து வருபவர்க்கு, இந்த வேட்கை நன்றாகவே தெரியும்.

ஆகவே உடம்பு பாலையும் நெய்யையும் மிகுதியாக வேண்டும் காலத்தைத் தேர்ந்தே, ஆயர் சிறுமியர் அவற்றை விட்டனர். அதுவும், பாலுக்கும் நெய்க்கும் குறைவே இல்லாத ஆய்ப்பாடியில்! இல்லாதவன் விடுவது வறுமை; வேண்டாதவன் விடுவது எளிமை. வீட்டில் நிறைந்தும், உடம்பு விரும்பியும் இருக்கும்போது விடுவதே நோன்பு.

அவ்வாறாயின் கோயிலில் நெய்ப்பொங்கல் எதற்கு? அது எம்பெருமானுக்காகச் சமைக்கப்படுவது. நோன்பில் நாம் விடுவது நமக்காக என்று சமைத்துக்கொள்ளும் சுவையை. அவன் அமுது செய்தருளிய சேஷம் சுவைக்காகக் கொள்ளப்படுவதன்று, பிரசாதமாகக் கொள்ளப்படுவது. ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்திலும், ஹேமந்தத்தின் முதல் மாதத்தில் நோன்பு நோற்ற கோகுலத்துக் கன்னியர் ஹவிஷ்யம் என்னும் வேள்விக்குரிய எளிய அன்னத்தை உண்டனர் என்றே கூறப்படுகிறது. பட்டினி கிடந்தனர் என்று கூறப்படவில்லை. ஆதலால் குழந்தைகளும் முதியோரும் நோயாளிகளும் பாலூட்டும் தாய்மாரும் பாலையும் நெய்யையும் விட வேண்டும் என்று அடியேன் கூற மாட்டேன். ஒரு தொன்னைப் பொங்கலை உண்பதால் நோன்பு கெடாது. இரண்டாவது தொன்னைக்கு அடுத்தவரைத் தள்ளிக்கொண்டு நின்றால் கெடும். கொடுப்பவன் கடுஞ்சொல் கூறினாலும் கெடும். இப்பின்னதை அடியேன் பிறரிடம் கற்கவில்லை. தன் தவற்றினாலேயே கற்றேன்.

அடியேன் கெடுத்த நோன்பு

அந்த ஆண்டு மார்கழி முழுவதும் ஒருவரையும் கடிந்து பேசுவதில்லை என்று ஸங்கல்பம் செய்திருந்தேன். எட்டு நாள் நன்றாகச் சென்றது. ஒன்பதாம் நாள் பிரசாதம் வழங்கும்போது, தள்ளாத மூதாட்டி ஒருவர் தம் பங்கை வாங்கிய பின், சிறு தூக்குப் பாத்திரத்தை நீட்டினார். "சாமி, அவிய எழும்ப மாட்டாம கெடக்காவ, அவியளுக்கும் ஒரு கரண்டி தாங்க" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. பாத்திரத்தில் பொங்கல் குறைந்திருந்தது. "ஒருவருக்கு ஒரு முறைதான். எல்லோரும் இப்படிக் கேட்டால் நான் எங்கே போவேன்?" என்று உரக்கக் கூறிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தூக்கை மூடிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கடிந்து பேசேன் என்ற உறுதியும் போயிற்று. இயன்ற மட்டும் இடுதல் என்ற நாச்சியார் வாக்கும் போயிற்று. இந்த ஆண்டு நோன்பு கெட்டது, இனி அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். அதன்பின் ஒரு வாரத்தில் எத்தனை பேரைக் கடிந்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

சனவரி முதல் நாள் வந்தது. அன்று மார்கழி பதினேழு. அன்றைய பாசுரம், நந்தகோபனைப் பள்ளி எழுப்புவது. ஆடையும் தண்ணீரும் சோறும் அறமாக வழங்கும் வள்ளல் என்று அவனைப் போற்றித் தொடங்குவது அது. எத்தனையோ ஆண்டுகளாகச் சேவித்துவரும் பாசுரம். அன்று சோறு என்னும் சொல்லில் வந்ததும் நா எழவில்லை. மூடிய தூக்குப் பாத்திரமே கண்முன் நின்றது. உடன் சேவித்தவர்கள் தொடர்ந்து முடித்தனர்.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய அன்பர் வினா எழுப்பியதும் அன்றுதான். அவருக்கு ஏன் விடை கூற இயலவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

உச்சிகால பூஜை முடிந்ததும், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மையாரிடம் விசாரித்து, பிரசாதத்தை எடுத்துக்கொண்டு அம்மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். அவர் கணவர் பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தார். வேறெதையும் விழுங்க மறுப்பவர், கோயில் பொங்கல் என்றால் மட்டும் வாய் திறப்பாராம். நான் என் குற்றத்தைச் சொல்ல வாயெடுக்குமுன், அம்மூதாட்டி, "கூட்டத்துல நான் கேட்டது தப்பு சாமி" என்றார். அதைக் காட்டிலும் கடுமையான தண்டனை அடியேனுக்கு வேறு வேண்டியிருக்கவில்லை.

விரதம் இடையில் முறிந்தால் பிராயச்சித்தம் செய்துகொண்டு மீண்டும் தொடர வேண்டும் என்பதே தர்ம சாஸ்திரங்களின் கருத்து. முறிந்தது என்று கைவிடுவது இரண்டாம் முறை முறிப்பதாகும். அன்று மாலை புதிய ஸங்கல்பம் ஒன்று செய்துகொண்டேன். ஆண்டு முழுவதும் என்று அல்ல. கூடாரவல்லி வரை, பத்து நாள். கடிந்து பேசுவதில்லை, நாள்தோறும் அவ்வீட்டுக்குப் பிரசாதம் கொண்டு சேர்ப்பது. இவ்விரண்டே. பத்தாம் நாள் அக்கார அடிசிலைக் கொண்டு சென்றபோது, அம்முதியவர் இரண்டு கரண்டி உண்டு, இனிப்பு போதும் என்று கை அசைத்தார். அடுத்த மார்கழிக்கு அவர் இல்லை. மூதாட்டி வந்தார். தூக்குப் பாத்திரம் இல்லாமல் வந்தார்.

கூடாரவல்லியும் கூடியுண்ணலும்

மார்கழி இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. சனவரி 11 அல்லது 12-ஆம் தேதியில் வரும். அன்றைய பாசுரத்தின் தொடக்கச் சொற்களே மருவி அந்நாளுக்குப் பெயராயின. இரண்டாம் பாசுரத்தில் விட்ட நெய்யும் பாலும் இப்பாசுரத்தில் திரும்பி வருகின்றன. அணிகலன் பூண்டு, புத்தாடை உடுத்து, பாற்சோறு மூட நெய் வார்த்து, அது முழங்கையளவும் வழியும்படி, எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உள்ளம் குளிர உண்பதை நாச்சியார் பாடுகிறாள். தனித்து விட்டதைச் சேர்ந்து உண்டு நிறைவு செய்வது இந்நோன்பின் முறை.

நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டாள் ஆண்டாள். அந்நேர்ச்சையைப் பிற்காலத்தில் எம்பெருமானார் நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருள, நாச்சியார் அவரை அண்ணனே என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பது குருபரம்பரை வழக்கு. ஒருவர் எடுத்த ஸங்கல்பத்தை மற்றொருவர் முடித்துவைப்பதும் உறவே என்பது இதனால் விளங்கும்.

அன்பர்கள் தம் இல்லத்தில் தளிகை செய்து கண்டருளப் பண்ணுவதற்காக மூன்று பக்குவங்களை இங்கே தருகிறேன். ஆழாக்கு என்பது ஏறத்தாழ 168 மில்லி லிட்டர். வீட்டில் உள்ள ஒரே தம்ளரை எல்லாவற்றுக்கும் அளவாகக் கொண்டாலும் பொருந்தும்.

*மிளகுப் பொங்கல் (ஆறு பேருக்கு).* பச்சரிசி 2 ஆழாக்கு, பாசிப்பருப்பு 1 ஆழாக்கு, மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, இஞ்சி ஒரு விரற்கடை, நெய் கால் ஆழாக்குக்குச் சற்று மேல், முந்திரிப்பருப்பு, கறிவேப்பிலை, உப்பு. பாசிப்பருப்பைச் சிவக்க விடாமல் மணம் வரும் அளவுக்கு வறுத்து, அரிசியுடன் சேர்த்துக் கழுவ வேண்டும். திறந்த உருளியில் வேக வைப்பதாயின் 15 ஆழாக்குத் தண்ணீர் கொதித்த பின் இவற்றை இட்டு, இளந்தீயில் குழைய விட வேண்டும். நம் பகுதியில் புரட்டாசி ஐப்பசியில் அறுத்த கன்னிப்பூ நெல்லின் அரிசி மார்கழியில் இன்னும் புதிதாகவே இருக்கும். அதற்குத் தண்ணீர் சற்றுக் குறைவாகவே போதும். பருப்பு வெந்த பின்பே உப்பு இடுக. நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, கறிவேப்பிலை ஆகியவற்றை முறையே பொரித்துக் கொட்டிக் கிளற வேண்டும். முழு மிளகைக் குழந்தைகள் ஒதுக்கிவிடுவர். ஆதலால் பாதியை ஒன்றிரண்டாகத் தட்டிச் சேர்த்தல் நன்று. ஆறினால் இறுகும் என்பதால், இளகிய பதத்திலேயே இறக்குக.

*அக்கார அடிசில்.* பச்சரிசி 1 ஆழாக்கு, பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, பால் ஒன்றரை லிட்டர், வெல்லம் பொடித்தது 2 ஆழாக்கு, நெய் முக்கால் ஆழாக்கு, ஏலக்காய், சிறிது குங்குமப்பூ, கடுகளவு பச்சைக் கற்பூரம், முந்திரி, திராட்சை. இதற்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் உள்ள வேற்றுமை, இதில் அரிசி தண்ணீரில் வேகாமல் முழுவதும் பாலிலேயே வேகும் என்பது. அரிசியையும் பருப்பையும் ஒரு கரண்டி நெய்யில் இலேசாக வறுத்துக் கழுவி, கொதிக்கும் பாலில் இட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆயினும் பொறுமை வேண்டும். அரிசி நன்கு மசிந்த பின்பே வெல்லம் சேர்க்க வேண்டும். முன்னே சேர்த்தால் அரிசி வேகாமல் நின்றுவிடும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டிக் காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கிய அடிசில் சற்று ஆறியதும் ஊற்றினால் பால் திரியாது. பிறகு இளந்தீயில் வைத்து நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, ஏனையவற்றைச் சேர்த்து இறக்குக.

*சுக்கு வெந்நீர்.* இது வைகறை நீராடி வரும் முதியோர்க்கும் வழிநடைக் களைப்புடைய யாத்திரிகர்க்கும் உகந்தது. சுக்கு ஒரு விரற்கடை, மிளகு 10, கொத்துமல்லி விதை 2 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைத் தட்டி, 4 தம்ளர் தண்ணீரில் இட்டு, 3 தம்ளராக வற்றும்வரை கொதிக்க வைக்க வேண்டும். இறக்குமுன் சில துளசி இலைகளைச் சேர்க்கலாம். நம் மாவட்டத்துக் கருப்பட்டி 75 கிராம் அளவு எடுத்துத் தனியே வெந்நீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டிக் கலந்துகொள்க. கருப்பட்டி நீரிழிவு உடையோர்க்குத் தீங்கு செய்யாது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. கருப்பட்டியும் இனிப்பே. அவர்கள் இனிப்பில்லாமல் அருந்துவதே நலம். அக்கார அடிசிலுக்கும் இஃது ஒக்கும். பிரசாதம் ஒரு துளியானாலும் பிரசாதமே.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

சனவரி முதல் நாள் இங்கே வந்து எம்பெருமானைச் சேவிக்கும் அன்பர்கள், ஆண்டு முழுவதற்கும் உறுதி எடுக்க வேண்டா. அன்றிலிருந்து கூடாரவல்லி வரை பத்து நாள் அளவுக்கு ஒரே ஒரு ஸங்கல்பம் செய்துகொள்ளுங்கள். விடுவது ஒன்று, கொடுப்பது ஒன்று இருக்கட்டும். காபியை விடுபவர், அக்காசில் ஒருவருக்குக் காலை உணவு கொடுக்கலாம். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் விடியற்காலை விடுபவர், அந்நேரத்தில் தாய் தந்தையர் அருகில் அமர்ந்து ஒரு பாசுரம் சேவிக்கலாம். நாவைக் காக்க எண்ணுபவர், கோள் கூறாதிருப்பதோடு ஒருவரைப் பற்றியேனும் நல்லதைச் சொல்லலாம். வீட்டில் ஒருவர் தனியே செய்யாமல், இருவராவது சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் தவறும் நாளில் மற்றவர் எழுப்பிவிடலாம். தவறினால் நாணி நின்றுவிடாமல், மீதமுள்ள நாட்களுக்குப் புதிதாக ஸங்கல்பம் செய்துகொள்ளுங்கள்.

கூடாரவல்லியன்று அக்கார அடிசில் தளிகை செய்து, எம்பெருமானுக்குக் கண்டருளப் பண்ணி, அக்கம்பக்கத்தாரையும் அழைத்து ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். வர இயலாமல் படுக்கையில் கிடப்பவர் தெருவில் ஒருவராவது இருப்பர். அவர் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்க்குப் பரிமாறுங்கள். ஒரு தூக்குப் பாத்திரம் போதும்.

நம் நாஞ்சில் நாட்டுத் திருவண்பரிசாரம், நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையார் பிறந்த தலம் என்று பெரியோர் கூறுவர். சோற்றிலும் நீரிலும் வெற்றிலையிலும் கண்ணனையே கண்டவர் அவ்வாழ்வார். அவருடைய தாய்வீட்டு மண்ணில் வாழும் நாம், ஒரு தொன்னைப் பொங்கலை நீட்டும்போதும் வாங்கும்போதும் அதை மறவாதிருப்போமாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.

சுபம்.